பாங்கியின் எட்டெழுத்து விலாசம்

(வணிகர் பாடம்)



நம்மில் அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பாதவர் மிகச் சிலரே. திருப்பூர் பனியனுக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் மதீனத்துப் பேரீச்சம்பழத்துக்கும் பணம் போகிறது. கடையில் வேலை பார்க்கும் தம்பிமாரின் சம்பளம் மாதந்தோறும் இராமநாதபுரத்துக்கும் கடையநல்லூருக்கும் போகிறது. அப்படி அனுப்பும்பொழுது பாங்கிப் படிவத்திலோ கைப்பேசித் திரையிலோ 'ஸ்விப்ட் கோடு' என்று ஒரு கட்டம் வருகிறது. நம்மவர்கள் செய்வது என்ன? வந்த கடிதத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டுக் கையொப்பம் இடுகிறார்கள். அது என்னவென்று கேட்டால், "பாங்கியில் கேட்டார்கள், எழுதினேன்" என்பதே பதிலாக இருக்கிறது.

சரக்குச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் மூட்டையை இறக்கிக்கொள்ளும் வியாபாரி நம்மில் உண்டா? பணத்தை மட்டும் ஏன் படிக்காமல் அனுப்ப வேண்டும்? அந்தக் கட்டத்து எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது அரை மணி நேர வேலை. மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த படிப்பே இதற்குத் தாராளமாகப் போதும். நானும் அவ்வளவே படித்தவன்.

1. பணம் போவதில்லை, செய்தியே போகிறது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கோலா குபு பாருவில் நாம் கட்டும் வெள்ளி, மூட்டை கட்டப்பட்டுக் கப்பலிலோ விமானத்திலோ ஏறுவதில்லை. செய்தி ஒன்றுதான் போகிறது. நம் முன்னோருக்கு இது புதிதன்று. செட்டியார் கிட்டங்கியில் உண்டியல் வாங்கி ஊருக்கு அனுப்பினால், அந்தக் காகிதத்தைக் காட்டி ஊரில் ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். இங்குள்ள பேரேட்டில் ஒரு பற்று, அங்குள்ள பேரேட்டில் ஒரு வரவு. நடுவில் போனது காகிதம்.

பாங்கியும் அவ்வாறே செய்கிறது. நமது பாங்கிக்கு இந்தியாவிலுள்ள ஒரு பாங்கியில் கணக்கு இருக்கும். "எனது கணக்கில் இவ்வளவு எடுத்து இன்னாருக்கு வரவு வையுங்கள்" என்று நமது பாங்கி செய்தி அனுப்புகிறது. இரண்டு பாங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால், இருவருக்கும் பழக்கமான மூன்றாவது பாங்கி ஒன்று நடுவில் நிற்கும். நடுவில் நிற்பவர் தரகு எடுத்துக்கொள்வது வியாபார வழக்கம். அனுப்பிய தொகை சில சமயம் குறைந்து போய்ச் சேருவதற்குக் காரணம் இதுவே.

முன்னாளில் அந்தச் செய்தி தந்தியில் போயிற்று. பாங்கிகளில் இன்றும் 'டி.டி.' என்று சொல்வது அந்தத் தந்தி மாற்றத்தின் மிச்சப் பெயர். இந்தியாவில் தந்தி சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது; பெயர் மட்டும் நம் படிவங்களில் நிற்கிறது. தந்திக்குப் பின் டெலெக்ஸ் வந்தது. அதில் ஒவ்வொரு பாங்கியும் தன் இஷ்டப்படி செய்தி எழுதிற்று. தாமதமும் தவறும் மிகுந்தன. ஆகவே 1973-ல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 பாங்கிகள் கூடி, பெல்ஜியம் நாட்டில் ஸ்விப்ட் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. 1977-ல் அது செய்தி அனுப்பத் தொடங்கிற்று. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் 11,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்துள்ளன. ஸ்விப்ட் பணத்தை வைத்திருப்பதில்லை. தபால்காரர் போலக் கடிதத்தைச் சேர்ப்பிப்பதே அதன் வேலை. தபால்காரருக்கு விலாசம் வேண்டுமல்லவா? அந்த விலாசமே குறியெழுத்து.

2. எட்டெழுத்தை வெட்டிப் படிக்கும் முறை

நமக்குப் பழக்கமான மேபேங்க்கின் குறியெழுத்தை எடுத்துக்கொள்வோம்: எம்-பி-பி-இ-எம்-ஒய்-கே-எல். எண்ணினால் எட்டு. இதை நான்கு, இரண்டு, இரண்டு என்று மூன்று துண்டாக வெட்டுங்கள்.

முதல் நான்கு பாங்கியின் பெயர். மலாயன் பேங்கிங் பெர்ஹாட் என்ற பெயரின் சுருக்கம் அது.

ஐந்தாவதும் ஆறாவதும் நாடு. எம்-ஒய் என்றால் மலேசியா.

ஏழாவதும் எட்டாவதும் இடம். கே-எல் என்றால் கோலாலம்பூர்.

சில சமயம் இதன்பின் இன்னும் மூன்று எழுத்து வந்து மொத்தம் பதினொன்றாகும். அந்த மூன்றும் குறிப்பிட்ட கிளையைக் காட்டும். மூன்றும் 'எக்ஸ்' என்றிருந்தால் தலைமை அலுவலகம் என்று பொருள். எட்டோடு நிறுத்தினாலும் தலைமை அலுவலகமே. ஆகவே பதினொன்றுதான் வேண்டும் என்று கைப்பேசி அடம்பிடித்தால், எட்டுக்குப் பின் மூன்று 'எக்ஸ்' போட்டுக்கொள்ளலாம்.

பேங்க் இஸ்லாமின் குறியெழுத்து பி-ஐ-எம்-பி-எம்-ஒய்-கே-எல். வெட்டிப் பாருங்கள், முதல் துண்டுதான் மாறியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மேபேங்க் இஸ்லாமிக்கின் குறியெழுத்து எம்-பி-ஐ-எஸ்-எம்-ஒய்-கே-எல். ஒரே கட்டடம், ஒரே பெயர்ப்பலகை என்றாலும், இஸ்லாமியப் பிரிவு தனி நிறுவனமாகையால் விலாசமும் தனி. வட்டியில்லாக் கணக்கு வைத்திருக்கும் சகோதரர்கள், வெளிநாட்டிலிருந்து தமக்கு வரவேண்டிய பணத்துக்கு எந்தக் குறியைக் கொடுப்பது என்று பாங்கியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

"என் கணக்கு கோலா குபு பாருவில் இருக்கிறதே, இதில் கோலாலம்பூர் என்று இருக்கிறதே, தவறல்லவா?" என்று கேட்போர் உண்டு. தவறில்லை. அது பாங்கியின் தலைமை இடம். அங்கே போய்ச் சேர்ந்த செய்தி, உங்கள் கணக்கு எண்ணைக் கொண்டு உங்களிடம் வந்துவிடும். கோலா சிலாங்கூரில் கணக்கு வைத்திருப்பவருக்கும் பத்தாங்காலியில் வைத்திருப்பவருக்கும் அதே கே-எல் தான்.

3. நாட்டு எழுத்துக்கள்

ஐந்தாம் ஆறாம் எழுத்துக்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நமக்கு வேண்டியவை பத்துக்குள் அடங்கும்.

இந்தியா: ஐ-என்
இலங்கை: எல்-கே
சிங்கப்பூர்: எஸ்-ஜி
இந்தோனேசியா: ஐ-டி
தாய்லாந்து: டி-எச்
சீனா: சி-என்
சவூதி அரேபியா: எஸ்-ஏ
துபாய், அபுதாபி முதலிய அமீரகம்: ஏ-இ

இதில் ஏமாறும் இடங்கள் உண்டு. சி-எச் என்பதைச் சீனா என்று நினைப்பார்கள், அது சுவிட்சர்லாந்து. எம்-எம் என்பது மியன்மார், அதாவது பர்மா. ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியாவின் குறியெழுத்து எஸ்-பி-ஐ-என்-ஐ-என்-பி-பி. இதில் ஐ-என் இரண்டு முறை வருகிறது. முதலாவது பாங்கியின் பெயரோடு சேர்ந்தது, இரண்டாவதே நாடு. ஆகவே கண்ணால் தேடாமல் விரலால் எண்ணி ஐந்தாவதைத் தொட வேண்டும்.

4. இந்தியாவுக்கு இரண்டு குறி

மேலே சொன்ன இந்தியக் குறியின் கடைசியில் பி-பி என்று இருப்பது பம்பாய். கீழக்கரையில் கணக்கிருந்தாலும் நாகூரில் கணக்கிருந்தாலும் செய்தி பெரும்பாலும் பம்பாய் வழியாகவே நுழைகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியின் குறியும் ஐ-ஓ-பி-ஏ-ஐ-என்-பி-பி என்றுதான் இருக்கிறது. பம்பாயில் இறங்கிய செய்தி ஊர்க் கிளைக்குப் போக உள்நாட்டு விலாசம் ஒன்று வேண்டும். அதன் பெயர் ஐ.எப்.எஸ்.சி.

இதுவும் பதினொன்று எழுத்தாகையால் நம்மவர் குழம்பிப் போகிறார்கள். வேற்றுமை காண எளிய வழி உண்டு. ஐ.எப்.எஸ்.சி.யில் முதல் நான்கு பாங்கி. ஐந்தாவது எப்பொழுதும் பூஜ்யம். கடைசி ஆறு கிளை. ஸ்விப்ட் குறியில் ஐந்தாவது நாட்டின் எழுத்து. அங்கே பூஜ்யம் வரவே வராது. ஐந்தாவதைத் தொட்டுப் பாருங்கள். பூஜ்யமானால் உள்நாட்டு விலாசம், எழுத்தானால் பன்னாட்டு விலாசம். அந்தப் பூஜ்யத்தை 'ஓ' என்று எழுதிவிடாதீர்கள்.

சவூதிக்கும் அமீரகத்துக்கும் அனுப்புவோர்க்கு வேறொரு விஷயம். அங்கே கணக்கு எண்ணுக்குப் பதில் ஐபான் என்ற நீண்ட எண் வழங்குகிறது. சவூதியுடையது எஸ்-ஏ என்று தொடங்கி 24 இடமும், அமீரகத்துடையது ஏ-இ என்று தொடங்கி 23 இடமும் கொண்டது. இதில் ஒரு வசதி இருக்கிறது. நாட்டெழுத்தை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்பு இலக்கங்கள். ஓரிடத்தைத் தவறாக எழுதினாலும் கணக்கு ஒத்துவராமல் கணினி தடுத்துவிடும். ஸ்விப்ட் குறியெழுத்தில் அத்தகைய காவல் இல்லை. தவறாக எழுதிய எட்டெழுத்து வேறொரு பாங்கியின் சரியான விலாசமாக அமைந்துவிட்டால் செய்தி அங்கேயே போய் நிற்கும். திரும்பி வர நாட்கள் பல ஆகலாம், கட்டணமும் பிடிக்கப்படும், மாற்று விகிதத்தில் இரு தடவை நஷ்டமும் நேரும். ஆகவே அங்கே காவல் நாமே. மலேசியாவும் இந்தியாவும் ஐபான் முறையில் இல்லை. அதை அங்கிருந்து கேட்டால் "எங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிடலாம்.

5. பலகை மாறினால் விலாசமும் மாறும்

நம் ஊர்க் கதையே இதற்கு நல்ல உதாரணம். பழைய கோலா குபு 1883 அக்டோபரில் அணை உடைந்து அழிவுக்குள்ளானது. அந்த இடம் இன்றும் உடைந்த அணை என்று பொருள்படும் அம்பாங் பெச்சா என்ற பெயரோடு இருக்கிறது. பின்னரும் வெள்ளத் தொல்லை தீராததால் மேட்டில் புது ஊர் அமைத்தார்கள். 'பாரு' என்ற சொல் சேர்ந்தது. பழைய விலாசத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தால் கடிதம் யாருக்குப் போகும்?

பாங்கிகளும் இடம் பெயர்கின்றன. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை 1937 பிப்ரவரி 10-ந் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார்கள். பின்னர் மலாயாவிலும் கிளைகள் வந்தன. நம் பாட்டன்மார் பலருக்கு அறிமுகமான பாங்கி அது. 1969 ஜூலை 19-ல் இந்திய அரசு 14 பெரிய பாங்கிகளை நாட்டுடைமை ஆக்கிற்று. அயல் அரசுக்குச் சொந்தமான பாங்கி மலேசியாவில் இயங்கச் சட்டம் இடம் தராமையால், 1973-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, இந்தியன் பாங்கி, யுனைடெட் கமர்ஷியல் பாங்கி மூன்றின் இந்நாட்டுக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் பாங்கி ஆயின. 1991-ல் அது பேங்க் ஆப் காமர்ஸுடன் சேர்ந்தது. 1999-ல் பூமிபுத்ரா-காமர்ஸ் ஆயிற்று. 2006-ல் சி.ஐ.எம்.பி. ஆயிற்று. ஒரே வாசலில் எத்தனை பலகை பார்த்தீர்களா?

இந்தியாவிலும் அப்படியே. ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்கியில் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் பாங்கி கனரா பாங்கியிலும், கார்ப்பரேஷன் பாங்கியும் ஆந்திரா பாங்கியும் யூனியன் பாங்கியிலும், அலகாபாத் பாங்கி இந்தியன் பாங்கியிலும் இணைந்தன. கரூர் லட்சுமி விலாஸ் பாங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். பாங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. இவற்றின் பழைய குறிகள் சிறிது காலம் அனுமதிக்கப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டன. உங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் இந்தப் பெயர்களில் ஏதேனும் ஒன்றின் குறி எழுதியிருந்தால், இன்றே அடித்துவிட்டு ஊருக்குச் சொல்லிப் புதிய குறி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. காதால் கேட்டு எழுதாதீர்

நம் தமிழ் நாவுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பாங்கிக்குரிய 'பி'யும் பப்ளிக்குக்குரிய 'பி'யும் நமக்கு ஒரே ஓசை. டாக்காவின் 'டி'யும் தாய்லாந்தின் 'டி'யும் அப்படியே. இந்தப் பாடத்தைத் தமிழில் எழுதும்பொழுதே அந்தச் சங்கடம் தெரிகிறது. ஊரிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் சொல்ல, இங்கே மச்சான் எழுதிக்கொண்டால், ஓர் எழுத்து மாறுவதற்கு வெகு நேரம் ஆகாது. ஆகவே குறியெழுத்தைப் பேச்சில் வாங்காதீர்கள். பாங்கிப் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தையோ காசோலையையோ படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், ஐ.எப்.எஸ்.சி. அவற்றில் அச்சாகியிருக்கும்.

எழுத்துக்கு நடுவே இலக்கம் வருவதும் உண்டு. பேங்க் சிம்பானான் நேஷனலின் குறி பி-எஸ்-என்-ஏ-எம்-ஒய்-கே என்று வந்து 1 என்ற இலக்கத்தில் முடிகிறது, எல் அன்று. கும்பகோணம் சிட்டி யூனியன் பாங்கியின் குறி சி-ஐ-யு-பி-ஐ-என் என்று வந்து 5-எம் என்று முடிகிறது. 5 என்பதை எஸ் என்று எழுதக் கூடாது.

7. திருடன் மாற்றும் விலாசம்

இப்பாடத்தில் முக்கியமான பகுதி இதுவே.

தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஒருவரிடம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது. பழகிய பெயர், பழகிய நடை, சரக்குச் சீட்டும் சரியான தொகையும் இருக்கின்றன. "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இம்முறை புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று புதிய எண்ணும் குறியெழுத்தும் தரப்படுகின்றன. வியாபாரி அனுப்பிவிடுகிறார். பதினைந்து நாள் கழித்துத் தூத்துக்குடிக்காரர் "பணம் எங்கே?" என்று கேட்கிறார். நடுவில் ஒரு திருடன் மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்து இருவர் கடிதங்களையும் படித்துக்கொண்டிருந்தான் என்பது அப்பொழுதுதான் வெளிவருகிறது. இந்த மோசடி இன்று உலகெங்கும் நடக்கிறது.

ஐந்தாம் ஆறாம் எழுத்துக்களை அவர் எண்ணிப் பார்த்திருந்தால்? தூத்துக்குடி வியாபாரிக்கு ஐ-என் இருக்க வேண்டிய இடத்தில் வேறு நாட்டு எழுத்து இருந்தால், அங்கேயே கை நின்றிருக்கும். திருடன் இந்தியக் கணக்கையே கொடுத்திருந்தாலும் பாங்கி பெயர் மாறியிருப்பது முதல் நான்கில் தெரியும். குறியெழுத்தில் எந்த மாற்றம் வந்தாலும், முன்பே உங்கள் புத்தகத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து, பழகிய குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். மாற்றத்தைச் சொன்ன கடிதத்திலேயே உள்ள எண்ணை அழைத்தால், எடுப்பவன் திருடனாகவே இருப்பான்.

எழுத்தைப் படிப்பதால் பெரும் பணம் தப்பிய சம்பவம் ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் திருடர்கள் பங்களாதேஷ் மத்திய பாங்கியின் கணினிக்குள் புகுந்து, அதன் பெயரில் நியூயார்க்கிலுள்ள பாங்கிக்கு ஸ்விப்ட் செய்திகள் அனுப்பினார்கள். கேட்ட தொகை மொத்தம் சுமார் 95 கோடி அமெரிக்க டாலர். அதில் 8 கோடியே 10 லட்சம் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது; பெரும் பகுதி மீளவில்லை. 2 கோடி டாலர் இலங்கைக்கு வந்தது. பணம் பெறுபவர் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் 'பான்டேஷன்' என்று பிழையாக இருந்தது. வழியிலுள்ள பாங்கியில் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகம் எழுப்பினார். அந்த 2 கோடியும் திரும்பிற்று. விலாசத்தைப் படிக்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்ததால் விளைந்த நன்மை அது.

ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் பாங்கிக்குச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் நம் நாட்டில் அமைக்கப்பட்ட மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிக் கைமாறி மறைந்துவிடும்.

8. செலவும் சாட்சியும்

படிவத்தில் கட்டணம் யாருடையது என்று கேட்பார்கள். 'அவர்' என்று ஆங்கிலத்தில் இருந்தால், நம்முடையது என்று பொருள். எல்லாச் செலவும் அனுப்புபவருக்கு. 'ஷேர்' என்றால் இரு பக்கமும் பங்கு. 'பென்' என்றால் பெறுபவர் தலையில். சரக்குக்கு முழுத் தொகை போய்ச் சேர வேண்டுமானால் முதலாவதைக் குறியுங்கள். இல்லாவிடில் அங்கே பத்து, இருபது டாலர் குறைந்து, வியாபார உறவில் மனக்கசப்பு உண்டாகும்.

பணம் போனபின் வெறும் ரசீதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கோடுகள் உட்பட 36 இடம் கொண்ட தொடர் எண் ஒன்று உண்டு. அதன் பெயர் யு.இ.டி.ஆர். அதைப் பாங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள். பணம் எந்தப் பாங்கியில் நிற்கிறது என்று தேட அதுவே சாட்சி. கடனை எழுதி வைப்பது பற்றிய வசனமே குர்ஆன் ஷரீபில் மிக நீளமான ஆயத்து என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். எழுத்தும் சாட்சியும் வியாபாரத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இவ்வளவு தொல்லை எதற்கு? கையில் கொடுத்தால் மறுநாள் ஊரில் கிடைக்கிறதே" என்று உண்டியலைப் புகழும் சகோதரர்கள் உண்டு. உண்டியல் ஒரு காலத்தில் நாணயத்தின் மேல் நின்ற தொழில் என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று சட்டம் வேறு. உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் செய்வோருக்கு மலேசியாவின் 2011-ம் வருஷத்துப் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் 50 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 10 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தியாவில் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் குடும்பத்தினரும் 1999-ம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளலாம். தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க அதில் இடமிருக்கிறது. பணம் வராமற்போனால் வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. பணமாற்றுக் கடை நடத்தும் நம்மவர்களும் கவனிக்க வேண்டும்: நாணயம் மாற்றும் அனுமதி வேறு, பணம் அனுப்பும் அனுமதி வேறு.

9. பயிற்சி

படித்ததோடு விட்டுவிட்டால் மறந்துபோகும். இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.

ஒரு புதுக் குறிப்புப் புத்தகம் எடுங்கள். பணம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயரைப் பாங்கியில் உள்ளபடி எழுதுங்கள். 'மு' என்றும் 'முஹம்மது' என்றும் இடத்துக்கு ஒன்றாக எழுத வேண்டாம். கணக்கு எண்ணை எழுதி, மற்றொருவரைப் படிக்கச் சொல்லி ஒத்துப் பாருங்கள். ஸ்விப்ட் குறியை நான்கு, இரண்டு, இரண்டு என்று கோடிட்டுப் பிரித்து எழுதுங்கள். இந்தியாவானால் ஐ.எப்.எஸ்.சி.யை எழுதி, ஐந்தாவது இடத்துப் பூஜ்யத்தை வட்டமிடுங்கள். எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ரமலானில் ஜக்காத்துக் கணக்குப் பார்க்கும்பொழுது இதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்விப்ட் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எந்தக் குறியையும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், ஐ.எப்.எஸ்.சி. பட்டியல் இந்திய ரிசர்வ் பாங்கியின் பக்கத்தில் இருக்கிறது.

பின்பு கடையிலுள்ள தம்பிமாரைக் கூப்பிட்டு இதே பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களும் சாப்பாட்டுக் கடைப் பிள்ளைகளும் தங்கள் சம்பளத்தை அனுப்ப நம் உதவியையே தேடி வருகிறார்கள். ஒரு மாத உழைப்பைக் கையில் கொடுத்து, "முதலாளி, நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள். அது நம் கையில் தரப்படும் அமானத்து. ஊரில் அந்தப் பணத்துக்காக மருந்துச் சீட்டோடும் பள்ளிக்கூடச் சம்பளச் சீட்டோடும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை படிவத்தை நிரப்பும்பொழுது, கையொப்பம் இடுவதற்கு முன் ஐந்தாம் எழுத்தில் விரலை வைத்து எண்ணிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.